கிளேபாங் மணலும் டெலி லென்ஸின் கணக்கும்

டெலி லென்ஸ் தூரத்துப் பொருளை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று கேட்டால், எந்தக் கேமராவில் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. 200 மி.மீ. லென்ஸ் ஒரு கேமராவில் சாதாரணமாகத் தெரியும், இன்னொன்றில் மிரட்டும், மூன்றாவதில் பொருள் படத்துக்குள்ளேயே அடங்காது. லென்ஸ் மாறவில்லை, பின்னால் இருக்கும் படச்சட்டத்தின் அளவுதான் மாறியது. கண்ணாடித் தட்டில் தொடங்கி, ஃபிலிம் சுருளாகி, இன்று நகத்தளவு சென்சாரில் வந்து நிற்கும் அந்தச் சட்டத்தின் வரலாறே டெலி லென்ஸின் மடங்குக் கணக்கினுடைய வரலாறும் ஆகும்.

இந்தக் கணக்கைக் கண்முன் நிறுத்திப் பார்க்க மலாக்காவில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கிளேபாங். கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அங்கே பரந்த மணல்வெளியாகக் கிடக்கிறது. அந்த வெளியில், தண்ணீரை விட்டுத் தரையேறி நிற்கிறது ஒரு நீர்மூழ்கிக் கப்பல். பிரெஞ்சுக் கடற்படையில் 1978இல் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்ற ‘ஊஸான்’ அது. மலேசியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கி வீரர்கள் பயிற்சி பெற்றது அதில்தான். 2011இல் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கிளேபாங்கில் அருங்காட்சியகமானது. அதன் நீளம் 67.6 மீட்டர். நீளம் துல்லியமாகத் தெரிந்த, இடம்விட்டு நகராத, திறந்த வெளியில் நிற்கும் பொருள் என்பதால் லென்ஸ் கணக்குக்கு இதைவிட வசதியான அளவுகோல் கிடைப்பது கடினம்.

கப்பலின் பக்கவாட்டுக்கு நேராக 500 மீட்டர் தள்ளி நின்று, 200 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸை அதன்மேல் திருப்புவதாக வைத்துக்கொள்ளலாம். பொருளின் நீளத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கித் தொலைவால் வகுத்தால், லென்ஸ் பின்னால் விழச்செய்யும் பிம்பத்தின் நீளம் கிடைக்கும். இங்கே அது 27 மி.மீ. இந்த வாய்பாட்டில் கேமராவுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் கண்ணாடித் தட்டு இருந்தாலும் ஃபிலிம் இருந்தாலும் சென்சார் இருந்தாலும் கப்பலின் பிம்பம் 27 மி.மீ.தான்; வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்தாலும் அதே 27 மி.மீ.தான்.

இப்போது அந்த 27 மி.மீ.யைச் சட்டங்களில் வைத்துப் பார்க்கலாம். 108 மி.மீ. அகலமுள்ள பழைய கால்தட்டில் கப்பல் நான்கில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்து, வானத்துக்கும் மணலுக்கும் நடுவே சிறியதாகக் கிடக்கும். 56 மி.மீ. சதுரமான 120 ஃபிலிமில் ஏறக்குறையப் பாதி அகலம். 36 மி.மீ. அகலமுள்ள 35 மி.மீ. ஃபிலிமில் முக்கால் பங்கு; பார்ப்பதற்கு அழகான அளவு. 23.6 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரில் மூக்கோ வாலோ வெட்டுப்படும். 17.3 மி.மீ. அகலமுள்ள ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே கப்பல் தெரியும். ஐந்து படங்களையும் ஒரே அகலத்தில் அச்சடித்து மேசையில் பரப்பினால், ஐந்து வெவ்வேறு லென்ஸ்களால் எடுத்தவை என்றே யாரும் சொல்வார்கள். டெலி லென்ஸைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மேசையில்தான் பிறக்கின்றன.

புகைப்படக் கலை பிறந்தபோது இந்தக் குழப்பம் இல்லை. 1839இல் வெளியான டாகெர் முறையின் முழுத்தட்டு 6½ அங்குலமும் 8½ அங்குலமும் கொண்டது. அதைப் பாதியாக்கினால் அரைத்தட்டு, மேலும் குறைத்தால் கால்தட்டு. பிறகு கண்ணாடி நெகட்டிவ் வந்தபோதும் அதைத் தாளின்மேல் வைத்து அதே அளவில் அச்செடுப்பதே வழக்கமாக இருந்தது. நெகட்டிவில் 27 மி.மீ. இருந்தால் கையில் வரும் படத்திலும் 27 மி.மீ.தான். தூரத்துக் கோபுரம் பெரிதாக வேண்டுமென்றால் குவியத் தூரத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. ஆனால் ஒரு மீட்டர் குவியத் தூரமுள்ள சாதாரண லென்ஸுக்கு ஒரு மீட்டர் நீளத் துருத்தி வேண்டும். அப்படிப்பட்ட கேமராவை மலை உச்சிக்கோ கப்பல் தளத்துக்கோ தூக்கிச் செல்ல ஆட்கள் வேண்டும். சிறு காற்றடித்தாலே அது ஆடிவிடும்.

நீளத்தைச் சுருக்கும் வழி வானியலில் ஏற்கெனவே இருந்தது. குவிலென்ஸுக்குப் பின்னால் குழிலென்ஸை வைத்தால் பிம்பம் பெரிதாகும் என்று 1611இலேயே கெப்லர் எழுதியிருந்தார். 1830களில் பீட்டர் பார்லோ அதைத் தொலைநோக்கியில் பயன்படுத்தினார். கேமராவுக்கு அது வந்து சேர்ந்தது 1891இல். லண்டனில் தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயர், பெர்லினில் அடால்ஃப் மீதே, மியூனிக்கில் அடால்ஃப் ஸ்டைன்ஹைல் என மூன்று பேர், ஒருவரையொருவர் சாராமல், ஏறக்குறைய ஒரே நேரத்தில் டெலிஃபோட்டோ லென்ஸைச் செய்து முடித்தார்கள். முன்னால் குவிலென்ஸ் தொகுதி, பின்னால் குழிலென்ஸ் தொகுதி. குழாயின் நீளத்தைவிடக் குவியத் தூரம் அதிகம். கண்டிப்பாகச் சொன்னால், இந்த அமைப்பு உள்ளதற்குத்தான் டெலிஃபோட்டோ என்ற பெயர் பொருந்தும். அமைப்பு எப்படி இருந்தாலும் நீண்ட குவியத் தூர லென்ஸ் எல்லாவற்றையும் டெலி என்று அழைப்பது பின்னால் வந்த பேச்சு வழக்கு.

‘மடங்கு’ என்ற சொல்லின் முதல் பொருளும் அப்போதுதான் உருவானது. அந்த லென்ஸ்களில் முன்தொகுதிக்கும் பின்தொகுதிக்கும் இடையிலான தூரத்தை மாற்றலாம். துருத்தியை நீட்டி மடங்கைக் கூட்டலாம். துருத்தியின் நீளத்தைக் குழிலென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் மடங்கு வரும் என்பது அக்காலப் புகைப்படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருந்த விதி. பன்னிரண்டு அங்குலம் நீட்டிய துருத்தி, மூன்று அங்குலக் குழிலென்ஸ் என்றால் ஐந்து மடங்கு. எதைவிட ஐந்து மடங்கு? முன்னால் இருக்கும் குவிலென்ஸ் மட்டும் தனியாகத் தரும் பிம்பத்தைவிட. மனிதக் கண்ணுக்கோ தட்டின் அளவுக்கோ இந்த மடங்கோடு தொடர்பில்லை. நேர்மையான கணக்கு அது. டால்மேயர் 1899இல் டெலிஃபோட்டோகிராஃபி பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஆனால் அந்த லென்ஸ்களில் வெளிச்சம் மிகக் குறைவு. கட்டடத்துக்கும் மலைக்கும் சரி, ஓடும் மானுக்கும் பறக்கும் பறவைக்கும் அவை உதவவில்லை. அதனால்தான் 1920களில் வட இந்தியக் காடுகளில் புலியைப் படமெடுத்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலியே கம்பியை மிதித்துக் கேமராவை இயக்கும்படி அதன் பாதையில் கருவியைப் பொருத்தி வைத்தார். தூரத்தை வெல்ல முடியாதபோது அருகில் போவது, அல்லது விலங்கை அருகில் வரவைப்பது என்பதே வழியாக இருந்தது.

கணக்கைத் தலைகீழாக்கியது லைகா. ஆஸ்கர் பார்னாக் சினிமா ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு 24க்கு 36 மி.மீ. சட்டத்தை அமைத்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் அந்தக் கேமரா விற்பனைக்கு வந்தது. இவ்வளவு சிறிய நெகட்டிவை அப்படியே தாளில் எடுத்தால் தபால் தலை அளவுதான் வரும். ஆகவே இருட்டறையில் பெரிதாக்குவது கட்டாயமாயிற்று. 24 செ.மீ. அகலப் படம் வேண்டுமென்றால் 35 மி.மீ. நெகட்டிவை ஏறக்குறைய ஆறே முக்கால் மடங்கு பெரிதாக்க வேண்டும்; கால்தட்டை இரண்டே கால் மடங்கு பெரிதாக்கினால் போதும். கிளேபாங் கப்பலின் 27 மி.மீ. பிம்பம் முதல் படத்தில் 18 செ.மீ. ஆகும், இரண்டாவதில் 6 செ.மீ.யே தேறும். லைகாவின் டெலி லென்ஸ் வலிமையானது என்ற நம்பிக்கை இப்படித்தான் பரவியது. உண்மையில் வலிமை இருந்தது இருட்டறையில். கால்தட்டின் நடுவிலிருந்து 24க்கு 36 மி.மீ. துண்டை மட்டும் வெட்டி அதே ஆறே முக்கால் மடங்கு பெரிதாக்கினால், கப்பல் அங்கேயும் 18 செ.மீ.தான் வரும். சிறு சட்டம் தந்த வரம் வேறு: லென்ஸ் பின்னால் விழச்செய்யும் பிம்பவட்டம் சிறிதாக இருந்தால் போதும் என்பதால் வெளிச்சம் மிகுந்த லென்ஸைக் கையில் தூக்கும் எடையில் செய்ய முடிந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி ஸைஸ் நிறுவனம் கொண்டுவந்த 180 மி.மீ., எஃப் 2.8 சோனார் அதற்குச் சான்று. கால்தட்டுக் கேமராவில் அதே பார்வைக்கு 500 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டிருக்கும். அந்த நீளத்தில் அவ்வளவு வெளிச்சத்தோடு லென்ஸ் செய்திருந்தால் அதன் முன்கண்ணாடி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்தை நெருங்கியிருக்கும்.

லைகாவுக்குப் பிறகு ‘மடங்கு’ இரண்டாவது பொருளைப் பெற்றது. 35 மி.மீ. கேமராவில் 50 மி.மீ. லென்ஸே இயல்பானது என்று ஆகிவிட்டதால், அதை ஒரு மடங்கு என்று வைத்து மற்றவற்றை அளந்தார்கள். 200 மி.மீ. நான்கு மடங்கு, 400 மி.மீ. எட்டு மடங்கு. எட்டு மடங்கு பைனாகுலரோடு ஒப்பிட இது வசதியாக இருந்ததால் பறவை பார்ப்பவர்களிடம் நிலைத்தது. இயல்பான லென்ஸின் குவியத் தூரம் சட்டத்தின் மூலைவிட்டத்தை ஒட்டியிருக்கும் என்பது பொது விதி. அந்த விதியின்படி அதே 400 மி.மீ. கால்தட்டில் மூன்று மடங்குகூட வராது. 120 ஃபிலிமின் சதுரச் சட்டத்தில் ஐந்து மடங்கு. 50 மி.மீ. லென்ஸின் கதை இன்னும் தெளிவு. 120 ஃபிலிம் போடும் ஹாசல்பிளாட்டில் அது அகலக்கோண லென்ஸ், லைகாவில் இயல்பு லென்ஸ். 1970களின் கடைசியில் பெண்டாக்ஸ் 110 ஃபிலிமுக்குச் செய்த உள்ளங்கை அளவுக் கேமராவில் அதே 50 மி.மீ. டெலி லென்ஸாக விற்கப்பட்டது.

மலாயாவின் சிறு நகர ஸ்டூடியோக்களிலும் தோட்டத்துக் கல்யாண வீடுகளிலும் 1950களிலும் 60களிலும் பெரும்பாலும் புழங்கியவை 120 ஃபிலிம் போடும் இரட்டை லென்ஸ் கேமராக்கள். இடுப்பளவில் பிடித்து, மேலிருந்து கண்ணாடியைக் குனிந்து பார்த்து எடுப்பவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் லென்ஸை மாற்ற முடியாது. லென்ஸ் மாற்றக்கூடிய மாமியா வகை 1957இல் வந்தது; 135 மி.மீ. லென்ஸ் பொருத்திய டெலி ரோலைஃப்ளெக்ஸ் 1959இல் வந்தது. இரண்டுமே சாதாரண ஸ்டூடியோவின் பட்ஜெட்டுக்குள் வரக்கூடியவை அல்ல. மேலும், 135 மி.மீ. அந்தச் சதுரச் சட்டத்தில் முகம் எடுக்கப் போதுமே தவிர மரக்கிளையில் இருக்கும் பறவைக்குப் போதாது. அந்தத் தலைமுறையின் ஆல்பங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் நெருக்கமாகத் தெரிவதும், கடலில் போகும் கப்பல் புள்ளியாகத் தெரிவதும் புகைப்படக்காரரின் திறமைக் குறைவால் அல்ல.

பறவையை எடுக்க விரும்பியவர்கள் பழைய வழியிலேயே போனார்கள். கோலாலம்பூரில் 1915இல் பிறந்து, பின்னர் கேத்தே திரையரங்குத் தொழிலை வளர்த்த லோக் வான் தோ, அக்காலத்தில் உலக அளவில் மதிக்கப்பட்ட பறவைப் புகைப்படக்காரர். பறவையியலாளர் சாலிம் அலியோடு இந்தியா முழுவதும் சுற்றியவர். கூட்டுக்கு அருகில் மறைப்புக் கட்டி, உள்ளே மணிக்கணக்கில் உட்கார்ந்து எடுத்த படங்கள் அவருடையவை. 1957இல் வெளியான அவருடைய நூலைப் புரட்டினால், தூரத்தை வென்றது லென்ஸ் அல்ல, பொறுமை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

தமிழ்நாட்டில் இதே சிக்கலைத் தன் கையால் தீர்த்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர், 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றி விடாமல் எழுதியவர். இந்தியாவில் கேமரா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், ஒரு நிறுவனத்தின் கேமரா உடலையும் இன்னொன்றின் டெலி லென்ஸையும் இணைத்துத் தனக்கென ஒரு கருவியை அவர் உருவாக்கிக்கொண்டார். அந்தக் கனத்த கூட்டுக் கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று செல்லப் பெயரும் வைத்தார். வேறொரு சட்டத்துக்குச் செய்த லென்ஸைத் தன் கேமராவில் பொருத்த முனைபவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். லென்ஸின் பிம்பவட்டம் தன் சட்டத்தின் மூலைகளை எட்டுமா? லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே வேண்டிய தூரம் கிடைக்குமா? பெரிய சட்டத்துக்கான லென்ஸைச் சிறிய சட்டத்தில் பொருத்தினால் இரண்டுமே எளிது; பிம்பவட்டத்தின் நடுப்பகுதி மட்டும் பயன்படும். மாற்றிச் செய்தால் மூலைகள் கறுத்துவிடும். கிருஷ்ணன் வண்ணத்தை நாடாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைப் படங்கள் இன்றும் விலங்கியலாளர்கள் பார்த்துப் படிக்கும் ஆவணங்கள். நடந்தும், பழக்கிய யானையின் முதுகில் ஏறியும் அவர் காட்டு யானைகளை நெருங்கினார். தன் லென்ஸின் எல்லை எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்ததால் மீதித் தூரத்தைக் கால்களால் கடந்தார்.

சட்டம் மேலும் சுருங்கிக்கொண்டே போனது. யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்த ஒலிம்பஸ் பென் 1959இல் வந்தது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படங்கள் எடுக்கும் பாதிச்சட்டக் கேமரா அது. 1972இல் கோடாக்கின் 110 ஃபிலிம் வந்தபோது சட்டம் 13க்கு 17 மி.மீ.யாகக் குறைந்தது. இன்றைய ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் ஏறத்தாழ அதே அளவு. ஆனால் 110 ஃபிலிமை யாரும் டெலி வேலைக்கு முதன்மையாக நம்பவில்லை. பெரிதாக்கினால் மணல் கொட்டியதுபோல் ஃபிலிமின் துகள் தெரிந்தது. சட்டம் சுருங்கினால் லென்ஸ் நீளும் என்ற மயக்கத்துக்கு ஃபிலிம் காலத்தில் இந்தத் துகளே கடிவாளமாக இருந்தது.

டிஜிட்டல் வந்ததும் கடிவாளம் அறுந்தது. 1999இல் வெளியான நிக்கான் டி1 கேமராவின் சென்சார் 23.7க்கு 15.6 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் செய்வது அன்று மிகக் கடினம், விலையோ கட்டுக்கடங்காதது. ஃபிலிம் கேமராவோடு வாங்கிய பழைய லென்ஸ்களையே புகைப்படக்காரர்கள் இதிலும் மாட்டினார்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டன. 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. போலப் பார்த்தது. இந்த ஒன்றரையை ‘பெருக்குக் காரணி’ என்று சிலரும் ‘வெட்டுக் காரணி’ என்று சிலரும் அழைத்தார்கள். சரியான பெயர் இரண்டாவதுதான். முதல் பெயர் கடைக்காரர்களுக்கு இனித்ததால் அதுவே பரவியது. கேனானின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் இந்தக் காரணி 1.6. 2003இல் ஒலிம்பஸ் இ-1 தொடங்கிவைத்த ஃபோர் தேர்ட்ஸ் முறையில் 2. அந்த இரண்டும்கூட மூலைவிட்டத்தால் அளந்தால்தான் சரி. அகலத்தால் அளந்தால் 2.08, உயரத்தால் அளந்தால் 1.85. ஒரு சட்டம் 3க்கு 2, இன்னொன்று 4க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கும்போது ஒரே எண்ணால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

‘35 மி.மீ.க்கு இணையான குவியத் தூரம்’ என்ற சொற்றொடர் அப்போது விளம்பரங்களில் குடியேறியது. பார்வைக் கோணத்தைச் சொல்ல அது நல்ல கருவி, மறுப்பதற்கில்லை. ஆனால் 300 மி.மீ. லென்ஸை 600 என்று சொல்லும்போது மூன்று விஷயங்கள் மறைந்துபோகின்றன. பிம்பம் பெரிதாகவில்லை என்பது முதலாவது. இரண்டாவது, வெளிச்சம். ஒலிம்பஸ் 2016இல் கொண்டுவந்த 300 மி.மீ., எஃப் 4 லென்ஸின் நுழைவாய், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, 75 மி.மீ. அகலம், எடை சுமார் 1.3 கிலோ. 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழுச்சட்டத்துக்கான 600 மி.மீ., எஃப் 4 லென்ஸின் நுழைவாய் 150 மி.மீ.; 2007இல் வந்த நிக்கானின் அத்தகைய லென்ஸ் 5 கிலோவைத் தாண்டியது. பறவையிடமிருந்து வரும் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்கைத்தான் சிறிய லென்ஸ் திரட்டுகிறது. நண்பகலில் இது உறைக்காது, ரப்பர்த் தோட்டத்து நிழலில் உறைக்கும். முதுகில் சுமந்து நடப்பவருக்கு எடை குறைந்தது பெரிய வரம்தான். ஆனால் அதன் விலை வெளிச்சத்தில் செலுத்தப்படுகிறது. மூன்றாவது, பிக்சல்களின் நெருக்கம். இதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

அதற்கு மலாக்கா மாநிலத்திலேயே ஓர் இடம் உண்டு. கிளேபாங்குக்கு வடமேற்கே, போர்ட்டிக்சனுக்கு அருகில், நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குள் தனித் துண்டாக இருந்தாலும் நிர்வாகத்தால் மலாக்காவைச் சேர்ந்தது தஞ்சோங் துவான். போர்ச்சுகீசியர் காபோ ரச்சாடோ என்று அழைத்த அந்த முனையில் பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. மலாக்கா நீரிணை அங்கே குறுகி, சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவுக்கும் அந்த முனைக்கும் இடையே சுமார் 38 கிலோமீட்டர்தான் இருக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து அந்த நீரைக் கடந்து வடக்கே திரும்புகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே இரைகொல்லிப் பறவைகளைக் காணும் நிகழ்ச்சியை நடத்திவருகிறது. டெலி லென்ஸ்கள் வரிசையாக வானத்தை நோக்கி நிற்கும் நாட்கள் அவை.

ஒரு தேன்பருந்தின் இறக்கை விரிப்பு 1.3 மீட்டர் என்றும் அது 200 மீட்டர் தொலைவில் வட்டமிடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், 400 மி.மீ. லென்ஸ் தரும் பிம்பம் 2.6 மி.மீ. ஓர் அரிசி மணியின் பாதி. அந்த 2.6 மி.மீ.க்குள் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதே இனிக் கேள்வி. 1999இன் டி1 சென்சாரில் மி.மீ.க்கு 84 பிக்சல்கள். பருந்து சுமார் 220 பிக்சல் அகலம். 2016இன் நிக்கான் டி500, ஏபிஎஸ்-சி அளவு, மி.மீ.க்கு சுமார் 237, பருந்து 616. 2017இன் டி850, முழுச்சட்டம், மி.மீ.க்கு 230, பருந்து 598. கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை மடங்கு எங்கே போயிற்று என்று தெரியும். சிறிய சென்சாருக்குச் சொந்தமென்று நம்பப்பட்ட அந்தப் பெருக்கம் முழுச்சட்டப் படத்தை வெட்டினாலும் கிடைக்கிறது. வித்தியாசம் நூற்றில் மூன்றுதான். 20 மெகாபிக்சல் ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் மி.மீ.க்கு 300 இருப்பதால் பருந்து 780 பிக்சலாகிறது. அங்கே உண்மையிலேயே சிறிது ஆதாயம் உண்டு. ஆனால் அது இரண்டு மடங்கல்ல, 1.3 மடங்கு. அதுவும் பிக்சல்கள் நெருங்கி அமைந்ததால் வந்தது, சட்டம் சிறுத்ததால் அல்ல.

2015இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 இந்தக் கணக்கை எல்லைக்கே கொண்டுபோனது. அதன் சென்சார் அகலம் 6 மி.மீ.யைச் சற்றே தாண்டும். லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 4.3இலிருந்து 357 மி.மீ. வரை, விளம்பரத்தில் 24இலிருந்து 2000 வரை. பெட்டியின்மேல் ‘83 எக்ஸ்’ என்று அச்சிட்டிருந்தது. ‘மடங்கு’ என்ற சொல்லின் மூன்றாவது பொருள் இது: லென்ஸின் நீண்ட முனையைக் குறுகிய முனையால் வகுத்த ஈவு. கண்ணால் பார்ப்பதைவிட 83 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று நம்பி வாங்கியவர்கள் பலர். 50 மி.மீ. வழக்கப்படி அது 40 மடங்குதான். நிலவின் பிம்பம் குவியத் தூரத்தில் ஏறக்குறைய 110இல் ஒரு பங்கு. ஆகவே 357 மி.மீ.யில் நிலவு 3.2 மி.மீ. இருக்கும், 4.55 மி.மீ. உயரச் சென்சாரில் அது நிறைந்து தெரியும். 400 மி.மீ. லென்ஸில் பிம்பம் 3.6 மி.மீ., அதாவது இன்னும் பெரிது. ஆனால் 24 மி.மீ. உயரச் சட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 2018இல் வந்த பி1000 கேமராவின் 539 மி.மீ. லென்ஸில் நிலவு சென்சாரின் உயரத்தையே தாண்டிவிடும்.

பி900 கேமராவில் அதே பருந்து சுமார் 1,700 பிக்சல் அகலத்துக்கு விரியும். எண்ணிக்கை மலைக்க வைக்கும். விவரம் அவ்வளவு இராது. 357 மி.மீ.யில் அதன் நுழைவாய் 55 மி.மீ. மட்டுமே. ஒளி அலையின் இயல்பால், அந்த அகலமுள்ள எந்த லென்ஸும் 200 மீட்டர் தூரத்தில் சுமார் 2.4 மி.மீ.க்கும் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. 1.3 மீட்டர் இறக்கையில் அப்படிப்பட்ட கூறுகள் 540தான் இருக்கும். மீதிப் பிக்சல்கள் தெரிந்ததையே திரும்ப நிரப்புகின்றன. முழுச்சட்டக் கேமராவில் 71 மி.மீ. நுழைவாயுள்ள 400 மி.மீ., எஃப் 5.6 லென்ஸ் 598 பிக்சலில் பிடித்த பருந்திலும் விவரம் ஏறக்குறைய அதே அளவுதான். ஒன்றின் விலையும் எடையும் மற்றதன் சிறு பகுதி என்பதை நினைத்தால், நல்ல வெளிச்சத்தில் பி900 செய்வது சாதனையே. ஆனால் அது 2000 மி.மீ. லென்ஸின் சாதனை அல்ல.

ஆகவே சட்டங்களைக் கடந்து டெலி லென்ஸ்களை ஒப்பிட விரும்புபவர் மூன்று எண்களைக் கேட்டால் போதும்: உண்மையான குவியத் தூரம், நுழைவாயின் அகலம், சென்சாரில் மி.மீ.க்கு எத்தனை பிக்சல். முதலாவது பிம்பத்தின் அளவைச் சொல்லும், இரண்டாவது வெளிச்சத்தையும் விவரத்தின் எல்லையையும் சொல்லும், மூன்றாவது அந்த விவரத்தில் எவ்வளவு பதிவாகும் என்பதைச் சொல்லும். பெட்டியின்மேல் அச்சிட்ட ‘எக்ஸ்’ இம்மூன்றில் எதையும் சொல்வதில்லை.

கை நடுக்கத்துக்கான பழைய விதியும் சட்டத்தோடு சேர்ந்தே மாறியது. 35 மி.மீ. காலத்தில் 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க விநாடியில் 200இல் ஒரு பங்கு போதும் என்றார்கள். அதே லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் 300இல் ஒரு பங்கைக் கேட்கும், ஃபோர் தேர்ட்ஸில் 400இல் ஒரு பங்கை. பிம்பத்தைப் பெரிதாக்கும்போது அதிலுள்ள நடுக்கமும் அதே அளவு பெரிதாகிறது என்பதே காரணம்.

காற்று மட்டும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது. கிளேபாங் மணல்வெளி காலை பத்து மணிக்குமேல் கொதிக்கத் தொடங்கும். மணலிலிருந்து எழும் வெப்பக் காற்றில் நீர்மூழ்கியின் கறுப்பு விளிம்பு நெளியும். 500 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் விலை உயர்ந்த லென்ஸிலும் அந்த நெளிவு பதியும், லென்ஸ் நீள நீள அது கூடும். விடியற்காலையில் வந்தால் அதே கப்பலின் ஆணித் தலைகள்கூடத் தெளிவாக விழும். தஞ்சோங் துவானில் காலையில் வரவும் வழியில்லை. தேன்பருந்துகள் இறக்கை அடிக்காமல் உயரே ஏறுவதற்கு நம்பியிருப்பதே அந்த வெப்பக் காற்றைத்தான். நீரைக் கடந்து களைத்து வரும் பறவை, நிலம் சூடேறிய பிறகே முனையின்மேல் வட்டமிட்டு எழுகிறது. பருந்தைத் தூக்கும் காற்றே அதன் படத்தையும் கலைக்கிறது. அங்கே நல்ல படம் எடுப்பவர்கள், நீரிணையின் மேலிருந்து தாழ்வாக வரும் பறவை கலங்கரை விளக்கத்தின் மேடைக்கு ஐம்பது மீட்டருக்குள் வரும்வரை காத்திருந்து எடுக்கிறார்கள். அந்தத் தூரத்தில் 400 மி.மீ. லென்ஸ் தரும் பிம்பம் 10 மி.மீ.யைத் தாண்டிவிடும்.